ரெஃப்ரெஷ் டோக்கன் ஒரே இடத்தில் இருக்கட்டும்

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மென்பொருள் வேலைகளைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் ஆர்டர் விவரங்கள் கூகுள் ஷீட்ஸில் உள்ளன. இரவில் அறிக்கை தயாரிக்கும் பைத்தான் ஸ்கிரிப்ட், ஆர்டர் பதியும் பிஎச்பி பக்கம், கிடங்கில் டிவியில் ஓடும் திரை ஆகிய மூன்றும் அந்த ஷீட்டைப் பயன்படுத்துகின்றன. மூன்றிலும் ஒரே ரெஃப்ரெஷ் டோக்கனை (மறுபடி லாகின் செய்யாமல் புது ஆக்சஸ் டோக்கன் வாங்க உதவுவது) நகலெடுத்து வைத்திருக்கிறேன். நிரலின் பழைய பதிப்புகளையும் சேமித்து வைக்கும் கிட் களஞ்சியத்துக்குள்ளும் ஒரு நகல் போய்விட்டது. வாரம் ஒருமுறை எல்லாம் நின்றுபோகிறது. நான் மறுபடி லாகின் செய்து, புது டோக்கனை மூன்று இடத்திலும் ஒட்ட வேண்டியிருக்கிறது. இதற்குப் பதிலாக, அலுவலக நெட்வொர்க்குக்குள் ஒரு வெப் எண்ட்பாயிண்ட் (நிரல்கள் கேட்டுப் பதில் வாங்கும் முகவரி) வைத்து, யார் கேட்டாலும் ஷீட்டைத் திறக்கச் செல்லுபடியாகும் ஆக்சஸ் டோக்கனைத் தரும்படியும், 55 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படியும் செய்யலாமா? உள் நெட்வொர்க் என்பதால் கடவுச்சொல் தேவையில்லை என்று நினைக்கிறேன். அடுத்து கணக்கு மென்பொருளையும் இதே வழியில் இணைக்க எண்ணம்.

பதில்:

வணக்கம். எண்ட்பாயிண்ட் வைக்கலாம். ஆனால் வாரம் ஒருமுறை எல்லாம் நின்றுபோவது அதனால் தீராது என்பதால், அதை முதலில் பார்த்துவிடுவோம். கூகுள் கிளவுட் கன்சோலில் உங்கள் செயலியின் ஒப்புதல் திரை ‘எக்ஸ்டர்னல்’ வகையாகவும் ‘டெஸ்டிங்’ நிலையிலும் இருந்தால், பெயர், மின்னஞ்சல், சுயவிவரம் ஆகிய அடிப்படை அனுமதிகளைத் தாண்டி எதைக் கேட்டாலும், கிடைக்கும் ரெஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் காலாவதியாகிவிடும். ஷீட்ஸ் அனுமதி கேட்கும் உங்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். நிறுவனத்துக்குக் கூகுள் வொர்க்ஸ்பேஸ் கணக்கு இருந்தால் வகையை ‘இன்டர்னல்’ என மாற்றுங்கள். இல்லையெனில் செயலியைப் ‘புரொடக்‌ஷன்’ நிலைக்குக் கொண்டுசென்று, அதன் பிறகு புதிதாக ஒருமுறை லாகின் செய்து வாங்கிய டோக்கனை மட்டும் பயன்படுத்துங்கள். செயலி சரிபார்க்கப்படவில்லை என்று ஓர் எச்சரிக்கைத் திரை வரும். லாகின் செய்யப்போவது உங்கள் அலுவலகக் கணக்கு ஒன்றுதான் என்பதால் அதைக் கடந்து போகலாம்.

ஷீட்ஸுக்கு மட்டும் என்றால் இதைவிட எளிய வழியும் உண்டு. கூகுளில் நிரலுக்கென்றே ஒரு கணக்கை, அதாவது சர்வீஸ் அக்கவுண்ட்டை, உருவாக்கி, அதன் மின்னஞ்சல் முகவரியோடு அந்த ஷீட்டை, ஊழியர் ஒருவரோடு பகிர்வதைப் போலவே பகிர்ந்துவிட்டால், ரெஃப்ரெஷ் டோக்கன் என்ற பேச்சுக்கே இடமில்லை. தன் தனிச்சாவியால் கையெழுத்திட்டு, ஒரு மணி நேர ஆக்சஸ் டோக்கனை அது தானே வாங்கிக்கொள்ளும். மனிதர் ஒருவரின் லாகினை நம்பி இருப்பதைவிட இது உறுதியானது. ஆனால் அந்தத் தனிச்சாவிக் கோப்பையும் மூன்று இடத்தில் நகலெடுத்து வைத்தால் பழைய கதைதான். மேலும், கணக்கு மென்பொருள்களில் பல இப்படி ஒரு வசதியைத் தருவதில்லை. மனிதர் ஒருவர் அனுமதி கொடுத்து, அதனால் கிடைக்கும் ரெஃப்ரெஷ் டோக்கனைக் கொண்டுதான் இணைய முடியும். ஆகவே உங்கள் எண்ட்பாயிண்ட் யோசனைக்கு வேலை இருக்கிறது.

அந்த வேலை என்ன என்பதில்தான் உங்கள் கடிதத்திலிருந்து நான் சற்று விலகுகிறேன். கேட்டவுடன் டோக்கன் கிடைக்கும் வசதிக்காக அதை வைக்க நினைக்கிறீர்கள். நான் வைப்பதானால், ரெஃப்ரெஷ் டோக்கன் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருக்க வேண்டும், அதைத் தொடுவது ஒரே ஒரு நிரலாக மட்டும் இருக்க வேண்டும் என்பதற்காக வைப்பேன். கடவுச்சொல்லைக் கொடுக்காமல் டோக்கன் வழியாக அனுமதி தரும் முறைதான் ஓஆத். 2012 அக்டோபரில் வெளியான ஓஆத் 2.0 வரையறையான ஆர்எஃப்சி 6749, ரெஃப்ரெஷ் டோக்கன் அதை வழங்கிய அனுமதிச் சர்வருக்கு மட்டுமே திரும்பிச் செல்ல வேண்டும், தரவு வைத்திருக்கும் சர்வர்களுக்கு ஒருபோதும் செல்லக்கூடாது என்ற எண்ணத்தில்தான் இரண்டு டோக்கன்களைப் பிரித்து வைத்தது. வெளியே சுற்றுவது ஒரு மணி நேரத்தில் செத்துப்போகும் ஆக்சஸ் டோக்கன். மாதக்கணக்கில் வாழ்வது உள்ளேயே இருக்க வேண்டும். நீங்கள் மூன்று இடத்தில் ஒட்டியபோது அந்தப் பிரிவினையையே அழித்துவிட்டீர்கள்.

ஒரே இடம் என்பது பாதுகாப்புக்காக மட்டும் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்துக்கு இதே போன்ற எண்ட்பாயிண்ட் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டு முறை புதுப்பிக்கக்கூடாது என்று நினைத்து, நினைவகத்தில் ஒரு பூட்டும் வைத்திருந்தேன். என் மடிக்கணினியில் ஒரே புராசஸ் (ஓடும் நிரலின் ஒரு பிரதி) மட்டும் ஓடியதால் அழகாக வேலை செய்தது. சர்வரில் அதே நிரல் நான்கு வொர்க்கர் புராசஸ்களாக ஓடியது. நான்குக்கும் தனித்தனி நினைவகம், ஆகவே தனித்தனிப் பூட்டு. ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் கணினியைத் திறந்தபோது, இரண்டு வொர்க்கர்கள் ஒரே நொடியில் டோக்கன் காலாவதியானதைக் கண்டு, ஒரே ரெஃப்ரெஷ் டோக்கனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடின. அந்தச் சேவை ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் ரெஃப்ரெஷ் டோக்கனையும் மாற்றித் தரும் வகை. முதலில் போனவருக்குப் புதியது கிடைத்தது. இரண்டாவதாகப் போனவர் நீட்டியது ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட பழையது. பயன்படுத்திய டோக்கன் மறுபடி வந்தால் யாரோ திருடிவிட்டார்கள் என்றே அந்தச் சேவை கொள்ளும். எனவே புதியதையும் சேர்த்து மொத்த அனுமதியையும் ரத்து செய்துவிட்டது. அந்தச் சேவை செய்ததில் தவறே இல்லை. தவறு என்னுடையது.

கூகுள் வழக்கமாக ரெஃப்ரெஷ் டோக்கனை மாற்றுவதில்லை என்பதால் உங்களுக்கு இதுவரை இந்த அடி விழவில்லை. கணக்கு மென்பொருள் வரும்போது விழக்கூடும். 2025 ஜனவரியில் வெளியான ஓஆத் பாதுகாப்புப் பரிந்துரையான ஆர்எஃப்சி 9700, கிளையண்ட் சீக்ரெட் (செயலி தன்னை அடையாளம் காட்டும் ரகசியச் சொல்) வைத்திருக்க இயலாத செயலிகளுக்கு இப்படி மாற்றிக்கொண்டே இருப்பதையோ, டோக்கனை அனுப்புநரோடு பிணைப்பதையோ கட்டாயமாக்குகிறது. சீக்ரெட் உள்ள செயலிகளுக்கும் மாற்றித் தரும் சேவைகள் உண்டு. ஆகவே உங்கள் டோக்கன் நிரலை ஒரே புராசஸாக ஓட்டுங்கள். மூன்று பேர் கேட்கும் சேவைக்கு நான்கு வொர்க்கர் எதற்கு? பூட்டு கிடைத்ததும், வேறொருவர் அதற்குள் புதுப்பித்துவிட்டாரா என்று மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வெளியே கேட்க வேண்டும்; இந்த இரண்டாவது பார்வையை விட்டுவிடுவோர்தான் அதிகம். பிற்காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட புராசஸ் தேவைப்பட்டால், பூட்டைத் தரவுத்தளத்தின் வரிசையிலோ கோப்பிலோ வைக்க வேண்டும்.

புதுப்பித்த பதில் வந்ததும் செய்ய வேண்டியதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. பதிலில் புது ரெஃப்ரெஷ் டோக்கன் இருந்தால், முதலில் அதை வட்டில் எழுதி முடியுங்கள். கேட்டவருக்கு ஆக்சஸ் டோக்கனைக் கொடுப்பது அதற்குப் பிறகுதான். எழுதும்போதும் பழைய கோப்பின் மேலேயே எழுதாமல், பக்கத்தில் ஒரு தற்காலிகக் கோப்பில் முழுவதும் எழுதிவிட்டுப் பெயரை மாற்றுங்கள். பாதி எழுதும்போது மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்ற நிலை வராது. பதிலில் புது ரெஃப்ரெஷ் டோக்கன் இல்லாவிட்டால், பழையதே தொடர்கிறது என்று பொருள். கூகுளின் பதில் பெரும்பாலும் இப்படித்தான் வரும். வந்த பதிலை அப்படியே கோப்பில் கொட்டி, இருந்த ரெஃப்ரெஷ் டோக்கனைத் தாங்களே அழித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து ஏன் நின்றது என்று தேடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இப்போது 55 நிமிடக் கணக்கு. எனக்கு இதில் உடன்பாடில்லை. மதியம் மின்தடையில் அந்தக் கணினி நாற்பது நிமிடம் அணைந்திருந்து மறுபடி எழுந்தது என்று வைத்துக்கொள்வோம். டைமர் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். வட்டில் இருக்கும் டோக்கன் சில நிமிடங்களில் இறந்துபோகும். அடுத்த புதுப்பித்தல் வரும்வரை உங்கள் எண்ட்பாயிண்ட் செத்த டோக்கனையே சிரித்த முகத்தோடு கொடுத்துக்கொண்டிருக்கும். மேலும் எல்லாச் சேவையும் ஒரு மணி நேரம் தருவதில்லை. மைக்ரோசாஃப்டின் ஆக்சஸ் டோக்கன் வழக்கமாக 60 முதல் 90 நிமிடத்துக்குள் ஏதோ ஓர் அளவில் வரும். இத்தனை விநாடி செல்லும் என்று வழக்கமாகப் பதிலிலேயே எழுதி வருகிறது. அதைப் படித்து, காலாவதியாகும் நேரத்தையும் டோக்கனோடு சேர்த்து எழுதி வையுங்கள். டைமர் வேண்டாம். யாராவது கேட்கும்போது பாருங்கள்: மீதம் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தால் இருப்பதையே கொடுங்கள், குறைந்தால் புதுப்பித்துக் கொடுங்கள்.

அந்தப் பத்து நிமிடம் வெறும் எச்சரிக்கைக்காக அன்று. புதுப்பிக்கப் போகும்போது எதிர்முனை சற்று நேரம் படுத்திருந்தால், கையில் இருக்கும் டோக்கனுக்கு இன்னும் எட்டு நிமிடம் உயிர் இருக்கும். அதையே கொடுத்துவிட்டு, சில விநாடி, பிறகு சற்றுக் கூடுதல் விநாடி என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே மறுபடி முயலலாம். ஆனால் எல்லாத் தோல்வியும் ஒன்றல்ல. நெட்வொர்க் கோளாறும் எதிர்முனைச் சர்வரின் 500 வரிசைப் பிழைகளும் மறுமுயற்சிக்கு உரியவை. ‘இன்வாலிட் கிராண்ட்’ என்ற பிழையோடு 400 வந்தால், அந்த ரெஃப்ரெஷ் டோக்கன் முடிந்துவிட்டது என்று பொருள். ஆயிரம் முறை கேட்டாலும் விடை மாறாது. அங்கே நின்று, உங்கள் கைபேசிக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு, கேட்பவர்களுக்கு 503 (சேவை இப்போது இல்லை) என்ற பிழையைக் கொடுக்க வேண்டும். மனிதர் ஒருவர் லாகின் செய்தால்தான் மேற்கொண்டு நடக்கும்.

கேட்டவருக்கு அனுப்பும் பதிலில் ஒரு சிறு பொறி இருக்கிறது. கூகுள் கொடுத்த பதிலை அப்படியே சேமித்து வைத்து, அப்படியே திருப்பிக் கொடுத்தால், 45 நிமிடம் பழைய டோக்கனோடும் ‘3600 விநாடி செல்லும்’ என்ற வரி போகும். வாங்கிய நிரல் அதை நம்பி ஒரு மணி நேரம் வைத்திருந்து, கால் மணி நேரத்தில் 401 (டோக்கன் செல்லாது) என்ற பிழையை வாங்கும். கொடுக்கும் நொடியில் எத்தனை விநாடி மீதமோ அதைக் கணக்கிட்டுக் கொடுங்கள். கடிகார நேரமாகக் கொடுக்காமல் மீத விநாடியாகக் கொடுப்பது நல்லது. கிடங்குக் கணினியின் கடிகாரம் ஐந்து நிமிடம் தள்ளி ஓடினாலும் பாதிப்பு இல்லை. இந்தப் பதிலை எந்த இடைநிலைச் சர்வரும் சேமித்து வைக்கக்கூடாது என்பதற்கு ‘கேஷ்-கண்ட்ரோல்: நோ-ஸ்டோர்’ என்ற தலைப்பை (பதிலோடு போகும் ஹெடர் வரி) வைக்க வேண்டும், டோக்கன் தரும் அனுமதிச் சர்வருக்கு ஆர்எஃப்சி 6749 இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது, உங்கள் சிறு சர்வருக்கும் அதே விதியைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

காலாவதிக்கு முன்பே 401 வரும் சந்தர்ப்பமும் உண்டு. அப்போது கேட்பவர் ‘எனக்குப் புதியது வேண்டும்’ என்று வற்புறுத்த ஒரு வழி தேவை. அதை அப்படியே திறந்துவிட்டால், பிழையுள்ள ஒரு ஸ்கிரிப்ட் விநாடிக்குப் பத்து முறை புதுப்பிக்கச் சொல்லி, எதிர்முனை உங்களை முடக்கும்வரை விடாது. நான் செய்வது இது: வேலை செய்யாத டோக்கனின் ஹாஷை (டோக்கனிலிருந்து கணக்கிடும், ஆனால் டோக்கனைத் திரும்பப் பெற முடியாத அடையாளம்) அவர் அனுப்ப வேண்டும், என்னிடம் இப்போது இருப்பதும் அதே டோக்கன் என்றால் மட்டும் புதுப்பிப்பேன், இல்லையென்றால் வேறொருவர் சொல்லி ஏற்கெனவே புதுப்பித்த டோக்கனைக் கொடுப்பேன். லாக் கோப்பிலும் டோக்கனை எழுதாமல் அந்த ஹாஷின் முதல் எட்டு எழுத்தை மட்டும் எழுதினால், யாருக்கு எது போனது என்பதைப் பிறகு பார்க்க அது போதும்.

உள் நெட்வொர்க் என்பதால் கடவுச்சொல் தேவையில்லை என்ற உங்கள் எண்ணத்துக்கு வருகிறேன். ஆக்சஸ் டோக்கன் வங்கியின் கொணர்பவர் காசோலை போன்றது. கொண்டுவந்து நீட்டுபவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. அதை எந்தக் கேள்வியும் இல்லாமல் எடுத்துக் கொடுக்கும் முகவரி ஒன்று உலகறிய ஏற்கெனவே இருந்தது. அமேசான் கிளவுடில் ஓடும், அனுமதி ‘ரோல்’ ஒதுக்கப்பட்ட சர்வருக்குள் 169.254.169.254 என்ற முகவரியில், தானாகப் புதுப்பிக்கப்படும் தற்காலிகச் சாவிகள் கிடைக்கும். பழையது காலாவதியாவதற்குக் குறைந்தது ஐந்து நிமிடம் முன்பே புதியது தயாராகிவிடும். வெளியிலிருந்து அந்த முகவரியை யாரும் எட்ட முடியாது. ஆனால் 2019இல் கேப்பிடல் ஒன் வங்கியில், தவறாக அமைக்கப்பட்டிருந்த ஓர் ஃபயர்வால் சர்வரை ஏமாற்றி, அந்தச் சர்வரையே உள்ளே போய்க் கேட்கவைத்துச் சாவியை எடுத்துக்கொண்டார் ஊடுருவியவர். அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேரின் விவரங்களும் கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்களும் வெளியேறின. மறு ஆண்டு அந்த வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

அதே 2019 நவம்பரில் அமேசான் அந்தச் சேவையின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. அதில் முதலில் ‘புட்’ முறையில் ஒரு கோரிக்கை அனுப்பி ஒரு நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். பிறகு அதைத் தலைப்பில் வைத்துக் கேட்டால்தான் சாவி கிடைக்கும். நுழைவுச் சீட்டு அதிகபட்சம் ஆறு மணி நேரம் செல்லும். கூகுளின் இணையான சேவையும் ‘மெட்டாடேட்டா-ஃபிளேவர்: கூகுள்’ என்ற தலைப்பு இல்லாத கோரிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. காரணம் எளியது. ஏமாற்றப்பட்ட ஒரு சர்வரை ஏதோ ஒரு முகவரியை ‘கெட்’ முறையில் திறக்கவைப்பது சுலபம். குறிப்பிட்ட முறையில், குறிப்பிட்ட தலைப்போடு கேட்கவைப்பது கடினம். உங்கள் பிஎச்பி பக்கம் எங்கேனும் பயனர் கொடுக்கும் முகவரியிலிருந்து படம் எடுத்து வருமானால், உங்கள் எண்ட்பாயிண்டும் அதே ஆபத்தில்தான் இருக்கிறது.

ஆகவே ‘போஸ்ட்’ முறையை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனிச் சாவி கொடுத்து, அதைத் தலைப்பில் வாங்குங்கள். முகவரியின் வாலில் வைத்தால் அது எல்லா லாக் கோப்பிலும் பதிந்துவிடும். தனித்தனியாக இருந்தால், இரவு ஸ்கிரிப்ட்டின் சாவி கசிந்தாலும் ஆர்டர் பக்கத்தை நிறுத்தாமல் அதை மட்டும் மாற்றலாம். கேட்கும் நிரல்கள் எல்லாம் ஒரே கணினியில் இருந்தால் நெட்வொர்க்கே வேண்டாம், ஒரே கணினிக்குள் நிரல்கள் கோப்பு வழியாகப் பேசிக்கொள்ளும் யூனிக்ஸ் சாக்கெட் போதும். கோப்பு அனுமதியே காவலாகிவிடும். ரெஃப்ரெஷ் டோக்கன் கோப்பு இந்தச் சேவைக்கென்றே உருவாக்கிய பயனர் கணக்கின் பெயரில், அந்தக் கணக்கு மட்டும் படிக்கவும் எழுதவும் முடியும் 600 அனுமதியோடு இருக்கட்டும். அதைக் குறியாக்கம் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். குறியாக்கச் சாவியும் அதே கணினியில் இருந்தால், அது பூட்டுக்குப் பக்கத்திலேயே சாவியைத் தொங்கவிடுவதுதான். பேக்கப் எடுத்துச் செல்லும் வட்டு தொலைந்தால் மட்டும் கொஞ்சம் உதவும்.

கிடங்கின் டிவித் திரைக்கு டோக்கனே கொடுக்காதீர்கள். அது பிரவுசரில் ஓடும் பக்கம். பிரவுசருக்குள் போன டோக்கன் அதன் முன் நிற்கும் எவருக்கும் கிடைத்துவிடும். அதற்குத் தேவை இன்றைய டெலிவரிப் பட்டியல்தான். சர்வரே ஷீட்டிலிருந்து அந்த இருபது வரிகளை எடுத்து, அவற்றை மட்டும் கொடுக்கட்டும். எழுத வேண்டிய நிரலும் இதனால் குறையும். உண்மையில் பிஎச்பி பக்கத்துக்கும் இதே வழி பொருந்துமா என்று பாருங்கள். டோக்கன் கேட்பவர்கள் எவ்வளவு குறைகிறார்களோ அவ்வளவு நிம்மதி. கடைசியில் இரவு ஸ்கிரிப்ட் ஒன்றுதான் கேட்கிறது என்றால், எண்ட்பாயிண்டே இல்லாமல் அந்த ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே எல்லாவற்றையும் வைத்துவிடலாம்.

லாகின் எந்தக் கணக்கில் செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் சொந்தக் கணக்காகவோ முதலாளியின் கணக்காகவோ இருந்தால், இதற்கென்று ஒரு நிறுவனக் கணக்கை உருவாக்கி, அந்த ஷீட்டுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். நீங்கள் வேறு வேலைக்குப் போகும் நாளில் இரவு அறிக்கை நின்றுபோகாது.

கிட்டுக்குள் போன டோக்கனைப் பொறுத்தவரை, கோப்பை நீக்கிப் புதிதாக கமிட் செய்வதால் பயனில்லை. பழைய கமிட்டில் அது அப்படியே கிடக்கும். டோக்கனையே ரத்து செய்ய வேண்டும். கிளையண்ட் சீக்ரெட்டும் அதே கோப்பில் இருந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இங்கே வரிசை முக்கியம்: பழைய டோக்கனை ரத்து செய்யும்போது, அதே கணக்கு அதே செயலிக்குக் கொடுத்த மொத்த அனுமதியும், அதாவது நீங்கள் நேற்று வாங்கிய புது டோக்கனும், சேர்ந்து போகக்கூடும். எனவே புதிய சேவையை எழுதிச் சோதித்துத் தயாராக வைத்துக்கொண்டு, கிடங்கு மூடியிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முதலில் ரத்து செய்யுங்கள், பிறகு சீக்ரெட்டை மாற்றுங்கள், அதன் பிறகு லாகின் செய்து புது ரெஃப்ரெஷ் டோக்கனை அந்த ஒரே கோப்பில் வையுங்கள். மூன்று நிரல்களிலும் பழைய டோக்கன் இருந்த வரியை வெறுமையாக விடாமல் அடியோடு நீக்கிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஏதாவது ஒன்று அந்த வரி இல்லையென்று புகார் சொன்னால், அது இன்னும் பழைய வழியில்தான் போகிறது.